இருமினால் கசிகிறது, பயிற்சி செய்தும் நிற்கவில்லை

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். வயது 47. பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம். ஐந்தாறு வருஷமாக இருமினாலும் தும்மினாலும் பழ மூட்டை தூக்கினாலும் சிறுநீர் கசிகிறது. இப்போது அவசரமும் சேர்ந்துகொண்டது. சேலத்துக்குப் பஸ் ஏறுவதென்றால் முதல் நாள் ராத்திரியே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறேன். சாயந்திரம் ஆனால் கீழே ஏதோ இறங்கி நிற்பது போலக் கனமாக இருக்கிறது. போனில் வந்த வீடியோவைப் பார்த்து ஒன்றரை மாதம் பயிற்சி செய்தேன். மூச்சை அடக்கி, வயிற்றையும் தொடையையும் இறுக்கி, நூறு வரை எண்ணுவேன். சிறுநீர் போகும்போதும் பாதியில் நிறுத்தி நிறுத்திப் போவேன். கேட்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். உண்மையா?

என் வீட்டுக்காரருக்கு 61 வயது. பிராஸ்டேட்டில் கேன்சர் என்று நாலு மாதம் முன்பு அதை முழுசாக எடுத்தார்கள். அவருக்கும் கசிகிறது. வெளியே போவதையே விட்டுவிட்டார். ஆம்பளைக்கும் இந்தப் பயிற்சி உண்டா? இன்னொன்று. தங்கை மகளுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். சேரும்போது தாங்க முடியாத வலி என்று என்னிடம் அழுதாள். அவளுக்கும் இதே பயிற்சியைச் சொல்லலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் பயிற்சியிலிருந்தே தொடங்குகிறேன். ஒன்றரை மாதம் விடாமல் செய்திருக்கிறீர்கள். அதற்குப் பலன் இல்லாததால் உங்கள் உடம்பு இனி சரியாகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், வேலை செய்ய வேண்டிய தசை வேலையே செய்யவில்லை. மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அது கீழ்நோக்கித்தான் தள்ளும். இருமும்போது என்ன நடக்கிறதோ அதையே நீங்கள் தினமும் நூறு எண்ணும் வரை செய்திருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது அல்ல. கண்ணால் பார்க்க முடியாத ஒரு தசையை வீடியோவைப் பார்த்துக் கண்டுபிடிப்பது யாருக்குமே கஷ்டம்.

அந்தத் தசை எங்கே இருக்கிறது? முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, தூளி கட்டியது போல ஒரு தசைப் படுகை இருக்கிறது. டாக்டர்கள் பெல்விக் ஃப்ளோர் என்பார்கள். அடித்தளத் தசை என்று வைத்துக்கொள்வோம். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குவது இதுதான். சிறுநீர்த் துவாரம், பிறப்புறுப்பு, ஆசனவாய் மூன்றும் இதன் ஊடாகத்தான் வெளியே வருகின்றன. ஆண்களுக்கும் இதே தசை உண்டு, அதன் ஊடாக வரும் வழிகள் மட்டும் இரண்டு. பிரசவத்தில், அதிலும் ஆயுதம் போட்ட பிரசவத்தில், இந்தத் தசை மிகவும் இழுபடும், சில சமயம் கிழியவும் செய்யும். அதற்கு மேல் வருஷக்கணக்கில் மூட்டை தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, விடாத இருமல் எல்லாம் சேர்ந்தால் தசை தளர்ந்து போகிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் அந்த இடத்தின் சதையும் மெலிந்து வறண்டு போகும். வயசானால் இப்படித்தான், பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்களைப் பொறுத்துக்கொள்ள வைத்துவிட்டோம். எனக்கு இதில் ஆறாத வருத்தம் உண்டு. முழங்கால் வலித்தால் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகும் வீட்டில், இதை மட்டும் வாயைத் திறந்து சொல்ல முடிவதில்லை.

இந்தப் பயிற்சியை உலகம் முழுவதும் கேகல் பயிற்சி என்கிறார்கள். ஆர்னால்ட் கேகல் என்ற அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948-ல் இதைப் பற்றி எழுதினார். பலரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு. அவர் வெறுமனே இறுக்குங்கள் என்று சொல்லி அனுப்பவில்லை. பிறப்புறுப்புக்குள் வைத்து, தசை சரியாக இறுகுகிறதா என்று முள் அசைந்து காட்டும் ஒரு கருவியையே செய்தார். பெண்கள் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். போனில் வரும் வீடியோக்களில் பயிற்சி இருக்கிறது, அந்தச் சரிபார்ப்பு இல்லை. உங்களுக்குக் குறைவதும் அதுதான்.

சரி, நேரில் போய்க் காட்டும் வரை வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள். நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவோமே, அப்படி ஆசனவாயை உள்ளே இழுங்கள். அதே இழுப்பை முன்பக்கம் சிறுநீர்த் துவாரம் வரை கொண்டுவந்து, மேலே தூக்குங்கள். வயிறு, தொடை, பிட்டம் மூன்றும் தளர்வாக இருக்க வேண்டும். மூச்சு சாதாரணமாக ஓட வேண்டும். வாய்விட்டு எண்ணினால் மூச்சு அடைபடாது. ஒரு தடவை மட்டும் சின்னக் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் உள்ள இடம் உள்ளே போய் மேலேறினால் சரியாகச் செய்கிறீர்கள். வெளியே பிதுங்கினால் அன்றே நிறுத்திவிடுங்கள், யாராவது சொல்லிக் கொடுத்த பிறகு தொடரலாம்.

எத்தனை விநாடி பிடிக்க முடிகிறதோ அத்தனை பிடியுங்கள். மூன்று விநாடிதான் வருகிறதென்றால் மூன்றே போதும், போகப் போகப் பத்து வரை ஏற்றலாம். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் முழுசாகத் தளர்த்துங்கள். தளர்த்துவதும் பயிற்சியில் பாதி, அதை அவசரப்படுத்தாதீர்கள். இப்படி எட்டு முறை. அப்புறம் சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுவது ஒரு எட்டு. காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. படுத்துச் செய்வது நன்றாக வந்த பிறகு உட்கார்ந்து, கடைசியில் நின்றபடி செய்யுங்கள். நிற்கும்போதுதானே உங்களுக்குக் கசிகிறது, அதனால் அங்கே போய்ச் சேர வேண்டும். நூறு வரை எண்ணத் தேவையே இல்லை. சிறுநீரைப் பாதியில் நிறுத்துவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பழக்கமாகச் செய்தால் சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாமல் போகும், கிருமி தொற்ற இடம் கொடுக்கும்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு வெளியிடும் மருத்துவ வழிகாட்டுதலில், இந்த மாதிரிக் கசிவுக்கு முதல் சிகிச்சையே பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் குறைந்தது 3 மாதம் செய்யும் இந்தத் தசைப் பயிற்சிதான். எட்டு முறை, மூன்று வேளை என்று நான் சொன்ன கணக்கும் அதிலிருந்து எடுத்ததுதான். மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் அதற்கு அடுத்த படிகள்.

தசைக்குப் பலம் ஏறுவதற்கு முன்பே உதவுகிற ஒரு பழக்கம் இருக்கிறது. இருமல் வரப்போகிறது என்று தெரிந்த அந்த நொடியில், முதலில் அடித்தளத் தசையை இறுக்குங்கள், பிறகு இருமுங்கள். தும்மலுக்கும் அப்படியே. பழ மூட்டைக்கு முன்னால் குனிந்ததும் ஒரு கணம் நின்று, தசையை இறுக்கி, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே தூக்குங்கள். மூச்சை அடக்கித் தூக்கவே கூடாது. அறுவடைக் காலத்தில் எடை போடும் இடத்துக்கு ஒரே மூட்டையாகக் கொண்டுபோகாமல் இரண்டாகப் பிரித்துக் கொண்டுபோக முடியுமா என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். காரணத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் இடுப்பு வலி என்று சொல்லுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை.

அவசரம் என்று எழுதியது வேறு வகை. இருமும்போது கசிவது தசை தாங்காததால். திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் நனைவது, சிறுநீர்ப்பை நேரம் வருமுன்பே சுருங்குவதால். இரண்டும் சேர்ந்து இருப்பது உங்கள் வயதில் சகஜம். ஏற்காட்டுக் குளிரும் இதைக் கொஞ்சம் கூட்டும், குளிரில் உடம்பு அதிகமாகச் சிறுநீரைப் பிரிக்கும். ஆனால் தண்ணீரை நிறுத்துவது கெடுதலைத்தான் செய்கிறது. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகி, பையின் உள்சுவரை உறுத்தி, அவசரத்தை இன்னும் அதிகமாக்கும். மலமும் இறுகும், முக்க வேண்டி வரும், தசை இன்னும் தளரும். ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடியுங்கள், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம். காபி, டீயை ஒரு நாளைக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்திப் பாருங்கள். காபித் தோட்டத்தில் வேலை செய்கிறவரிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், இருந்தாலும் சில வாரம் குறைத்துப் பார்த்தால் உங்களுக்கே வித்தியாசம் தெரியும்.

அவசரம் வரும்போது ஓடாதீர்கள். ஓட ஓட அது கூடும். நின்ற இடத்தில் நில்லுங்கள், முடிந்தால் உட்காருங்கள். தசையைச் சட்டுச் சட்டென்று ஐந்தாறு முறை இறுக்குங்கள். அந்த முட்டல் ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்கும். இறங்கிய பிறகு நிதானமாக நடந்து போங்கள். பஸ்ஸிலும் இதையே செய்யலாம். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஆடி ஆடி இறங்கும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து, பாதத்தை ஊன்றி உட்கார்ந்துகொண்டால் தசைக்கு வேலை குறையும். எதற்கும் போய் வைப்போம் என்று பஸ் ஏறுவதற்குள் மூன்று தடவை போகிற பழக்கம் இருந்தால் அதையும் ஒரு தடவையாகக் குறையுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகினால் சிறுநீர்ப்பை பிடித்துவைக்கவே மறந்துவிடும். இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்றால், ஒன்றேகால் மணியாக்குங்கள். சில நாள் கழித்து ஒன்றரை. அப்படியே இரண்டரை, மூன்று மணி நேரம் வரை கொண்டுவரலாம். இதற்குக் குறைந்தது 6 வாரம் கொடுங்கள். அதேபோல் எஸ்டேட்டில் ஒதுங்க இடமில்லாமல் காலையிலிருந்து சாயந்திரம் வரை அடக்குவதும் தப்பு. தோட்டத்தில் பெண்களுக்குக் கழிப்பறை கேட்பது மருத்துவக் காரணத்துக்காகக் கேட்பது. நாலு பேர் சேர்ந்தே கேளுங்கள்.

கர்ப்பப்பை விஷயத்தில் என் பதில் தெளிவானது. சிறுநீர்க் கசிவுக்கு மருந்தாகக் கர்ப்பப்பையை எடுப்பது கிடையாது. கசிவது சிறுநீர்ப்பையிலிருந்து, கர்ப்பப்பையிலிருந்து அல்ல. எடுத்த பிறகும் அதே தளர்ந்த தசைதான் அங்கே இருக்கும். சாயந்திரத்துக் கனம் கர்ப்பப்பை இறக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம், சிறுநீர்ப்பையோ மலக்குடலோ பிறப்புறுப்புக்குள் தள்ளிக்கொண்டு வருவதாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆரம்ப நிலை இறக்கமாக இருந்தால் அதற்கும் இதே தசைப் பயிற்சிதான் முதலில், குறைந்தது 16 வாரம். உள்ளே தாங்கலாக வைக்கும் பெசரி என்ற வளையமும் உண்டு. வெளியே வரும் அளவு இறங்கியிருந்தால் அறுவை சிகிச்சை பேச வேண்டியதுதான், ஆனால் அப்போதும் பயிற்சி வீண் போகாது. கர்ப்பப்பையில் கட்டி, அடங்காத உதிரப்போக்கு, புற்று என்று வேறு காரணம் இருந்தால் அது தனிக் கதை. யாராவது எடுக்கச் சொன்னால், எந்தக் காரணத்துக்காக என்று கேட்டு, எழுதி வாங்கி, இன்னொரு மகளிர் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு வருகிறேன். ஆண்களுக்கும் இந்தப் பயிற்சி உண்டு, அவருக்கு அவசியம் வேண்டும். சிறுநீரை அடைத்துவைக்க ஆண்களுக்கு இரண்டு பூட்டு இருக்கிறது. உள்பூட்டு சிறுநீர்ப்பையின் கழுத்தில், பிராஸ்டேட்டை ஒட்டியே இருப்பது. பிராஸ்டேட்டை முழுசாக எடுக்கும்போது அது பலவீனமாகிவிடும். அதன் பிறகு வெளிப்பூட்டும் அடித்தளத் தசையும்தான் முழுப் பாரத்தையும் சுமக்க வேண்டும். இதுவரை பாதி வேலை செய்த தசைக்குத் திடீரென்று முழு வேலை. அதனால்தான் காலையில் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்து, தசை களைத்துப்போன சாயந்திரம் அதிகமாகக் கசியும். நாலு மாதத்தில் கசிவது வழக்கத்துக்கு மாறானது அல்ல. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஒரு வருஷத்துக்குள் நன்றாகக் குறையும். ஆபரேஷனுக்கு முன்பே இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். இனி ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறவர்கள் இதைப் படித்தால் உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சிறுநீர் வடிய வைக்கும் டியூப் உள்ளே இருக்கும்போது மட்டும் செய்யக் கூடாது, எடுத்த பிறகுதான்.

அவருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறை கொஞ்சம் வேறு. ஆணுறுப்பை உடம்புக்குள் இழுத்துக்கொள்வது போலவும், விதைப்பையை மேலே தூக்குவது போலவும் நினைத்து இறுக்கச் சொல்லுங்கள். ஆசனவாயை மட்டும் இறுக்கினால் முன்பக்கம் வேலை செய்யாது. சரியாகச் செய்தால் ஆணுறுப்பின் அடி லேசாக உள்வாங்கும், கண்ணாடியில் பார்த்தாலே தெரியும். நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன், குனிவதற்கு முன் இறுக்கிக்கொண்டு எழ வேண்டும். சிறுநீர் கழித்து முடித்து வேட்டியைச் சரிசெய்த பிறகு நாலு சொட்டு விழுகிறதென்றால், அது குழாயில் தங்கியது. விதைப்பைக்குப் பின்னால் விரலை வைத்து முன்நோக்கி மெல்ல வழித்துவிட்டால் அதுவும் வெளியே வந்துவிடும். கசிவைத் தடுக்க ஆணுறுப்பில் மாட்டும் கிளிப்பைத் தானாக வாங்கிப் போட வேண்டாம், ரத்த ஓட்டம் தடைபட்டுப் புண்ணாகிவிடும். ஒரு வருஷம் ஆகியும் அதிகமாகக் கசிந்தால் அதற்கென்று ஆபரேஷன்கள் இருக்கின்றன. யூராலஜி டாக்டரிடம் கேளுங்கள். தாம்பத்திய உறவு பற்றியும் அவருக்குச் சொல்லாத கவலை இருக்கும். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு விறைப்பு குறைவது சகஜம், அதற்கும் சிகிச்சை உண்டு. ஒருவருக்கொருவர் தெரியாமல் துணியை அலசிக் காயப்போட்டுக்கொண்டிருந்தால் அது வேண்டாம். இருவரும் ஒரே நேரத்தில் பயிற்சி செய்யுங்கள். யாராவது ஒருவர் ஞாபகப்படுத்தினால்தான் மூன்று மாதம் ஓடும்.

தங்கை மகளுக்குத் தயவுசெய்து இந்தப் பயிற்சியைச் சொல்லாதீர்கள். உங்கள் தசை தளர்ந்திருக்கிறது. அவளுடைய தசை அநேகமாக இறுகியிருக்கிறது. பயத்தாலோ, முதலில் ஏற்பட்ட வலியாலோ, தொற்றாலோ அந்தத் தசை தன்னையறியாமல் சுருங்கிக்கொள்ளும். சுருங்கச் சுருங்க வலி, வலிக்குப் பயந்து இன்னும் சுருக்கம். இறுகியதை மேலும் இறுக்கச் சொன்னால் வலி கூடும். அவளுக்கு வேண்டியது தளர்த்தும் சிகிச்சை. முதலில் மகளிர் மருத்துவரிடம் காட்டி, தொற்று, புண், கட்டி இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் வயிறு உப்பும்படி ஆழ்ந்து மூச்சு விடுவது, இடுப்பு, தொடைத் தசைகளை நீட்டுவது, அவள் சம்மதத்தோடு படிப்படியாக அந்த இடத்தைத் தொடுதலுக்குப் பழக்குவது என்று போகும். அது வரை வலியோடு உறவு வைத்துக்கொள்ளக் கூடாது. இதை அவள் கணவருக்கு யாராவது பெரியவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவளுக்கு மனசில்லை, நடிக்கிறாள் என்று அந்த வீட்டில் பேச்சு எழும் முன்பே சொல்லிவிடுங்கள். உங்களிடம் வந்து அழுதிருக்கிறாள் என்றால் உங்களை நம்புகிறாள். ஆண்களில்கூட இப்படித் தசை இறுகி, அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்னாலும் மாதக்கணக்கில் வலியோடு அலைகிறவர்கள் உண்டு. அவர்களுக்கும் தளர்த்துவதுதான் சிகிச்சை.

எங்கே போவது? சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகளிர் பிரிவில் முதலில் காட்டுங்கள். சிறுநீர்ச் சோதனை, சர்க்கரைச் சோதனை இரண்டும் செய்துவிடுவார்கள். தொற்றோ சர்க்கரையோ இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பயிற்சி மட்டும் போதாது. பிறகு பிசியோதெரபிக்கு எழுதித் தரக் கேளுங்கள். எல்லா பிசியோதெரபிஸ்ட்டும் இதைச் செய்வதில்லை. எங்கே போனாலும், இந்தத் தசைக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

முதல் நாள் என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் குறையும். பாதி நேரம் பேச்சுதான். பிறகு, நீங்கள் சம்மதித்தால், கையுறை போட்டு ஒரு விரலை உள்ளே வைத்து, இறுக்குங்கள், விடுங்கள் என்று சொல்லித் தசையின் பலத்தைப் பார்ப்பார்கள். திரை போட்ட அறையில், கூட ஒரு பெண் இருக்க, பெண் தெரபிஸ்ட் வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. உள்சோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சை கிடைக்கும், வெளியிலிருந்து பார்த்தும், வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்துப் பார்த்தும் சொல்லிக் கொடுக்கலாம். நடுவில் எந்த நிமிஷமும் போதும் என்று சொல்லலாம்.

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், சிறுநீர் அடைத்துக்கொண்டு வராமல் போவது, மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் படுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்து டாக்டரிடம் போங்கள். இடுப்பு வலியோடு உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, கால் பலம் குறைந்தாலோ அன்றைக்கே, அந்த நேரமே போக வேண்டும்.

போகும் முன் மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எவ்வளவு, எத்தனை மணிக்குச் சிறுநீர் போனீர்கள், எப்போது கசிந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். அதில் ஒரு நாளாவது பழம் பறிக்கும் நாளாக இருக்கட்டும். வீட்டுக்காரருக்குத் தனி நோட்டு. அவருக்கு ஆபரேஷன் செய்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துப் போங்கள், விறைப்புக்கான நரம்புகளை வெட்டாமல் விட்டுவைத்தார்களா என்பது அதில் எழுதியிருக்கும்.